பாரிசில் வரைந்த கொங்கு

கோயம்புத்தூர் நகருக்குள், திருச்சி சாலையில் இராமநாதபுரம் பக்கம், 11-ஆம் அட்சக்கோடும் 77-ஆம் தீர்க்கக்கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. அங்கே கல்லும் கிடையாது, பலகையும் கிடையாது. பேருந்தில் போகிறவர்கள் தினமும் அந்த மூலையைத் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இந்திய நில அளவைத் துறையின் தாள்களில் 58ஏ/16, 58பி/13, 58இ/4, 58எஃப்/1 என்று நான்கு தாள்கள் கூடும் இடம் அது. பழைய நில வரைபடத்தில் கோவையை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் நான்கையும் வாங்கி ஒட்டுப்போட வேண்டும்.

இவ்வளவு துல்லியமாக நம்மூரைத் தாளில் இறக்க முடியும் என்று சொல்லியிருந்தால், ழான் பத்தீஸ்த் பூர்கிஞ்ஞோன் தான்வீல் என்ன செய்திருப்பார்? நம்பியிருக்க மாட்டார். ஆதாரம் எங்கே, யார் நடந்தது, எந்த ஊர்க் கணக்கில் அளந்தது என்று கேட்டிருப்பார். அவர் பிழைப்பே அந்தக் கேள்விதான்.

தான்வீல் 1697-இல் பாரிசில் பிறந்தவர். 1782-இல் பாரிசிலேயே இறந்தவர். இடைப்பட்ட காலத்தில் உலகத்தின் பெரும்பகுதியை வரைந்துவிட்டார், ஆனால் ஊரைவிட்டு வெளியே போனவர் இல்லை. முதல் வரைபடம், பண்டைய கிரேக்கத்தினுடையது, பதினைந்து வயதில் வந்தது. அதற்குப் பிறகு இருநூறுக்கும் மேல். கப்பல்காரர்களின் குறிப்பு, பாதிரிமார்களின் கடிதம், படை நடந்த பாதை, பழைய கிரேக்க லத்தீன் நூல், அரபுப் புவியியலாளர் எழுதியது என்று கையில் கிடைத்ததையெல்லாம் மேசையில் பரப்பி, ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பார். இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போனால் ஊர் தாளில் ஏறும். ஒத்துப்போகாவிட்டால் இடம் காலியாகவே கிடக்கும். 1749-இல் அவர் வெளியிட்ட ஆப்பிரிக்க வரைபடம் பேர்வாங்கியது அதில் இருந்ததால் அல்ல, இல்லாததால். அதுவரை முன்னோர்கள் கற்பனையாகப் போட்டுவைத்த மலைகளையும் அரசுகளையும் அவர் துடைத்துவிட்டார்.

1752-இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அவர் இந்தியாவை வரைந்தார். அடுத்த ஆண்டே, ஏன் இப்படி வரைந்தேன் என்று விளக்கி ஒரு தனிப் புத்தகம் எழுதினார். அரச அச்சகத்தில் அச்சாயிற்று. வரைபடம் போட்டவர் கணக்குப் பொறுப்பையும் ஏற்றுக்கொள்கிற இந்த வழக்கம் எனக்கு ரொம்பப் பிடித்தது. இன்றைக்குக் கைபேசியில் நம் ஊர்ப் பெயரைத் தப்பாகப் போட்டிருப்பவர்களிடம் காரணம் கேட்டால் பதில் வருமா?

1752 சாதாரண ஆண்டு இல்லை. திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்காகப் பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் ஆளுக்கொரு நவாபைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டினார்கள். அந்த ஜூன் மாதம் ஸ்ரீரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது. அவர்கள் பக்கத்துச் சந்தா சாகிப்பின் தலை விழுந்தது. ஆங்கிலேயர் பக்கத்து முகமது அலிக்கு உதவுகிறேன் என்று மைசூரின் நஞ்சராஜர் படையோடு கரூர் வழியாக வந்து திருச்சியில் உட்கார்ந்திருந்தார். அப்போது கொங்கு மைசூருக்கு அடங்கிய பூமி. அதாவது பிரெஞ்சுக் கம்பெனியின் கண்ணில் கரூர்தான் கடைசி ஊர். அதற்கு மேற்கே என்ன இருக்கிறது என்பது மைசூர்க்காரன் பாடு.

படம் அப்படித்தான் வந்தது. சோழமண்டலக் கரையோரம் ஊர்ப்பெயர்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கரைக்கு மட்டும் 1753-இல் தனியாக இன்னொரு வரைபடமே போட்டார். உள்நாட்டுக்குப் போகப் போகப் பெயர்கள் விலகிப்போகின்றன. பிற்காலத்தில் ஆங்கிலக் கம்பெனியின் ஜேம்ஸ் ரென்னல் இதைப் பற்றி எழுதும்போது, உள்நாட்டுக்கு இவர் கையில் கிடைத்தவை தெளிவில்லாத சில வழிக்குறிப்புகளும் பயண நூல்களும்தான், அதை வைத்து இவ்வளவு சரியாக வரைந்தது வியப்பு என்ற பொருளில் பாராட்டினார். போட்டிக் கம்பெனி ஆள் வாயிலிருந்து வந்த பாராட்டு. ரென்னலின் இந்துஸ்தான் வரைபடம் வெளியான 1782-இல்தான் தான்வீல் கண்ணை மூடினார்.

சரி, தென்னாட்டு உள்பகுதிக்கு அந்தக் குறிப்புகளைக் கொடுத்தது யார்? முக்கியமான ஒருவர் ழான் வெனான் பூஷே என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார். மதுரை மிஷனில், திருச்சிக்குப் பக்கத்து ஆவூரில் பல ஆண்டு இருந்தவர். பிறகு கர்நாடக மிஷனைத் தொடங்கி வடக்கே போனவர். மதுரை மிஷன் பாதிரிமார் காவி உடுத்தி, புலால் தவிர்த்து, சந்நியாசி கோலத்தில் திரிந்தார்கள். கொங்குக்கும் இவர்கள் புதிதில்லை. சத்தியமங்கலத்தில் 17-ஆம் நூற்றாண்டிலேயே இயேசு சபையாருக்கு நிலையம் இருந்தது. பூஷே தன் நடையையும் மற்றவர்கள் நடையையும் சேர்த்து ஒரு தென்னாட்டு வரைபடம் செய்தனுப்பினார். பிரான்சில் அச்சாகிவந்த மிஷன் கடிதத் தொகுப்புகள் வழியாக அது பாரிசுக்குப் போய்ச் சேர்ந்தது. தான்வீலின் மேசைக்கும் வந்தது.

நடந்து அளந்த வரைபடத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. வடக்கு தெற்குக் கணக்கு சுலபம். உச்சிவேளைச் சூரியனையோ துருவ நட்சத்திரத்தையோ பார்த்தால் அட்சக்கோடு கிடைத்துவிடும். கிழக்கு மேற்குதான் வம்பு. அதற்கு வியாழனின் நிலவுகள் மறைவதைத் தொலைநோக்கியில் பார்த்து, அதே மறைவு பாரிசில் எந்த நேரத்தில் தெரிந்தது என்று ஒப்பிட வேண்டும். புதுச்சேரியில் அதைச் செய்யப் படித்த பாதிரிமார் இருந்தார்கள். 1689-லேயே ரிஷோ என்ற பாதிரியார் அங்கே தொலைநோக்கியை வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். காங்கேயத்திலும் தாராபுரத்திலும் அது யாருக்குத் தேவைப்பட்டது? ஆகவே கொங்கின் தீர்க்கக்கோடு என்பது, இரண்டு கடற்கரையிலிருந்தும் நடந்த தூரத்தைக் கழித்து நடுவில் கிடைத்த மிச்சம்.

அந்த நடை தூரமும் சும்மா வராது. நம்மவர்கள் தூரத்தைக் காதத்தில் சொன்னார்கள், நாழிகை வழியில் சொன்னார்கள், பக்கத்தில் என்றால் கூப்பிடு தூரம் என்றார்கள். வடக்கே கோசம். ஒவ்வொரு சீமையிலும் ஒரு நீளம். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். அந்த நேரத்தில் பொதிமாடு எவ்வளவு நடக்கும், வெறுங்கையோடு ஓலை கொண்டுபோகிறவன் எவ்வளவு நடப்பான்? தான்வீல் இந்த விவகாரத்தில் ஊறிப்போய், பழைய காலத்து வழியளவுகளையும் தற்காலத்து வழியளவுகளையும் பற்றி 1769-இல் ஒரு தனி நூலே எழுதினார். பாரிசில் உட்கார்ந்துகொண்டு பொதிமாட்டு நடையைக் கணக்குப் போட்டவர் என்று அவரைச் சொல்லலாம்.

வேடிக்கை என்னவென்றால், கொங்கு அவருக்கு முற்றிலும் அறியாத தேசம் அல்ல. கிரேக்கப் புவியியலாளர் தாலமியின் பட்டியலில் உள்ள கரூரா நம் கரூர்தான் என்று பலர் கொள்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக்கரை மிளகும், படியூர்ப் பச்சைக்கல்லும் போய்வந்த பாதையில்தான் கொடுமணலும் வெள்ளலூர் ரோமக் காசுப் புதையலும் கிடைத்தன. தான்வீல் பழம் புவியியலில் கரைகண்டவர். பண்டைய இந்தியாவின் புவியியலைப் பற்றி 1775-இல் நூல் எழுதியவர். இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க வணிகனுக்குக் கொங்குக் கல் தேவைப்பட்டது, அதனால் பெயர் ஏறியது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துணியும் துறைமுகமும் தேவைப்பட்டன, பெயர் இறங்கியது. வரைபடம் யார் காசில் எழுகிறதோ அவர்கள் கால் படும் இடம்தான் அதில் பளிச்சென்று தெரியும். மற்றதெல்லாம் ஓரம்.

கொங்கு மக்களுக்குத் தங்கள் நாடு எது என்று தெரியாமல் இருந்ததா? கிழக்கே குளித்தலை, தெற்கே பழனி மலை, மேற்கே வெள்ளியங்கிரி, வடக்கே பெரும்பாலை என்று பாட்டிலேயே எல்லை வைத்திருந்தார்கள். மாயனூருக்குப் பக்கத்து மதுக்கரையில் செல்லாண்டியம்மனை மூவேந்தர் எல்லைச்சாமி என்று இன்றும் கும்பிடுகிறார்கள். உள்ளே இருபத்துநான்கு நாடுகள்: பூந்துறை நாடு, காங்கேய நாடு, ஆறை நாடு, பொங்கலூர்க்கா நாடு, ஆனைமலை நாடு என்று போகும். அந்தப் பிரிவு சீர்க்காரருக்கும் காணிக்காரருக்கும் போதும். ஆனால் அதை வைத்துக்கொண்டு பீரங்கியை இழுக்க முடியாது.

பீரங்கி வந்தபோது படமும் மாறியது. 1783-இல் ஆங்கிலப் படையின் கர்னல் ஃபுல்லர்ட்டன் மைசூர்த் திப்புவின் பின்பக்கத்தில் பாயலாம் என்று திண்டுக்கல் பக்கமிருந்து தாராபுரம், ஆனைமலைக் காடு, பாலக்காடு, கோயம்புத்தூர் என்று படையை நடத்திப் போனார். பிடித்த ஊர்களைச் சமாதானப் பேச்சில் திருப்பிக் கொடுக்க வேண்டிவந்தது வேறு கதை. நடந்த தடம் மட்டும் தாளில் தங்கிவிட்டது. 1799-இல் திப்பு விழுந்து, கொங்கு மொத்தமாக ஆங்கிலக் கம்பெனி கைக்கு வந்தது. அடுத்த ஆண்டே கம்பெனி அனுப்பிய புக்கானன் வந்து கிணறு, கவலை, கம்பு, சோளம், வாரம் எல்லாவற்றையும் விசாரித்து எழுதிக்கொண்டு போனார். பின்னாலேயே அளவுச் சங்கிலி வந்தது.

அந்தச் சங்கிலியோடு வந்த ஆங்கிலேய நில அளவையாளர் லாம்டன் கதையை இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் தான்வீல் செய்ததற்கு நேர்மாறானது அது. யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம், ஒரு கோட்டைத் தரையில் சுத்தமாக அளந்துவிட்டால் மற்றதெல்லாம் கோணத்தாலேயே வந்துவிடும் என்பது அந்த முறை. அதையும் பிரெஞ்சுக்காரர்கள் முன்பே செய்திருந்தார்கள். பாரிசுக்கும் அமியானுக்கும் இடையே பிக்கார் 17-ஆம் நூற்றாண்டிலேயே முக்கோணம் போட்டு அளந்தார். தான்வீல் உயிரோடிருக்கும்போதே கசினி குடும்பம் பிரான்சு முழுவதையும் முக்கோணத்தில் மூடி, 1756 முதல் தாள் தாளாக வெளியிட்டது. லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் ஏழரை மைல் கோடு ஒன்றை அளந்து தொடங்கினார். அதற்கு 57 நாள் பிடித்தது. 1806-இல் அவருடைய ஆட்கள் கோயம்புத்தூர்ச் சீமையில் பச்சாபாளையத்துக்கு வந்து இன்னொரு கோட்டை அளந்தார்கள்.

அளக்கும் சங்கிலி நூறடி நீளம், எஃகு. இரண்டரை அடித் துண்டுகள் நாற்பது. லண்டனில் ராம்ஸ்டன் பட்டறையில் செய்தது. முதலில் சீனப் பேரரசருக்குப் பரிசாகப் போய், அவர் வேண்டாம் என்றதால் நம் பக்கம் வந்தது. அதைத் தரையில் போட்டு இழுக்கக் கூடாது. மரப் பெட்டிகளை வரிசையாக முக்காலிகளில் ஏற்றி, அதற்குள் சங்கிலியைப் படுக்கவைத்து, ஒரு முனையில் எடை கட்டி விறைப்பாக்கி, மேலே கூடாரத்தால் நிழல் கொடுத்து, வெப்பமானி பார்த்து, வெயிலில் எஃகு எவ்வளவு நீண்டது என்று கழிப்பார்கள். நம் சித்திரை வெயிலில் எஃகு நீளும், மனுசன் சுருங்குவான். முன்னதற்கு மட்டும் கணக்கு வைத்தார்கள். கோணம் பார்த்த தியோடலைட் அரை டன் கனம். அது இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுப் போர்க்கப்பலிடம் சிக்கி மொரிசியசுக்குப் போனது. அங்கிருந்த பிரெஞ்சு ஆளுநர் அது என்ன கருவி என்று தெரிந்ததும், மரியாதையோடு சென்னைக்கு அனுப்பிவைத்தார். எதிரியின் வரைபடக் கருவியைத் திருப்பி அனுப்பியவர்களின் நாட்டில் தான்வீல் பிறந்தது பொருத்தம்தான்.

பிறகு வேகமாகப் போய்விடலாம். வார்டு என்ற அளவையாளர் 1821-22-இல் நீலகிரியை அளந்தார்; அப்போது நீலகிரி கோயம்புத்தூர்ச் சீமையின் ஒரு பகுதி. வரிக்காகப் பைமாஷ் கணக்கு வந்தது, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஊர் ஊராக ரயத்துவாரி அளவை வந்தது. 1923-இல் நில அளவை எல்லைச் சட்டம், 1979 முதல் 1987 வரை நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம், சுருக்கமாக யு.டி.ஆர். அதுவரை லிங்க்ஸில் இருந்த அளவு மீட்டருக்கு மாறியது. பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று போட்டிருக்கும். கொங்கில் யாராவது ஏர்ஸ் கணக்கில் நிலம் விற்றுக் கேட்டிருக்கிறீர்களா? ஏக்கர், அதற்குக் கீழே சென்ட். அவ்வளவுதான்.

இன்று அரசின் இணையச் சேவையில் ஊரையும் சர்வே எண்ணையும் தட்டினால் புலப்படம் வந்து விழுகிறது. எல்லோரும் அதை எஃப்.எம்.பி. என்றுதான் சொல்வார்கள். ஒரு காட்டின் எஃப்.எம்.பி.யை எடுத்துப் பாருங்கள். நடுவில் புல எண். குறுக்கே ஒரு கோடு, அதிலிருந்து பக்கவாட்டில் பிரியும் சின்னச் சின்னக் கோடுகள், ஒவ்வொன்றிலும் மீட்டர் கணக்கு. மூலைகளில் கல்லைக் குறிக்கும் புள்ளி. சுற்றிலும் பக்கத்துப் புலங்களின் எண்கள். ஒரு ஓரமாக இரட்டைக் கோடு போட்டிருந்தால் அது வண்டிப்பாதை. ஊரில் அதற்குப் பெயர் இட்டேரி.

இட்டேரியைப் பற்றித் தெரியாதவர்களுக்கு: இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்கு மண்தடம். வேலியில் பிரண்டை, கோவைக்கொடி, வேலிப்பருத்தி ஏறிக் கிடக்கும். அடியில் கௌதாரி, உடும்பு, ஓணான். காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகளில் கொழுக்கட்டைப் புல் மேய மாட்டை ஓட்டிப்போவதும், சந்தைக்கு மூட்டை கொண்டுபோவதும் இதில்தான். பூஷேவின் காலத்துப் பாதிரிமார் கொங்குக்குள் நடந்திருந்தால் இப்படிப்பட்ட தடங்களில்தான் நடந்திருக்க வேண்டும். பாரிசு மேசையில் அது ஒரு புள்ளிக்கும் இன்னொரு புள்ளிக்கும் இடைப்பட்ட வெள்ளைத் தாள்.

வழி கேட்டால் இன்றும் கொங்கில் திசை வைத்துத்தான் சொல்வார்கள். இடது வலது ரெண்டாம்பட்சம்.

“ஏனுங்க ஆத்தா, செல்லப்பன் தோட்டம் எங்கீங்க? போன்ல இங்கயேதான் காட்டுதுங்க.”

“அது கெடக்குது சாமி. இப்பிடியே வடக்கால போனீன்னா ஒரு வெள்வேலா மரம் வரும். அதுக்குக் கெழக்கால இட்டேரி பிரியுது பாரு, அதுல போ. மேக்கால போயிராத, அது சாளைக்குத்தான் போகும்.”

பொருளைக் கொண்டுவந்து கொடுக்கும் பையனின் கைபேசி அவனை அங்கே, வேலி ஓரமாக நிறுத்திவிட்டது. தான்வீலாக இருந்தால் அந்தத் தோட்டத்தைப் படத்தில் போட்டிருக்கவே மாட்டார். கைபேசி தெரியாத இடத்திலும் ஏதோ ஒன்றைக் குத்திவைக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் 1752 நம்மைவிட நேர்மையானது என்பது என் கட்சி.

தெளிவாக வரைந்துவிட்டால் எல்லாம் நல்லதாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களின் வயல்கள் வழியே போவதாக ஒரு கோடு போடப்பட்டது. எந்தப் புலம், எத்தனை மீட்டர் உள்ளே என்பது வரை அதில் சுத்தமாக இருந்தது. விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013-இல் மாநில அரசு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது; 2016-இல் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேசையில் கோடு நேராகப் போனால் செலவு குறையும். தென்னந்தோப்புக்காரர் கணக்கு வேறு. தான்வீல் காலத்தில் கொங்கைப் பார்க்காமல் வரைந்தார்கள் என்று நாம் சிரிக்கலாம். இப்போது எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரைகிறார்கள்.

பிரெஞ்சுக்காரர்களும் வரைபடத்தை விட்டுவிடவில்லை. 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தென்னிந்தியத் தாவரங்களைப் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் வரைந்தது. பிறகு காடுகளை இன்னும் நெருங்கிப் பார்த்து வரிசையாக வரைந்தபோது ஒரு தாளுக்கு ‘கோயம்புத்தூர் – திருச்சூர்’ என்றே பெயர். ஆனைமலையின் எந்தச் சரிவில் எந்த வகைக் காடு நிற்கிறது என்பதை அதில் நிறத்தை வைத்தே பிரித்துவிடலாம். துறைமுகம் தேடியவர்களின் வழிவந்தவர்கள் காட்டைத் தேடி வந்திருக்கிறார்கள். தான்வீல் சேர்த்துவைத்த பத்தாயிரம் வரைபடங்களை அவர் இறப்பதற்குச் சில ஆண்டு முன்பே பிரெஞ்சு அரசர் வாங்கிக்கொண்டார். இன்று பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவருடைய இந்தியப் படத்தை இணையத்தில் காசு கொடுக்காமல் பார்க்கலாம். பெரிதாக்கிப் பார்த்துக் கணவாயைத் தேடுவது நல்ல பொழுதுபோக்கு.

பதிவு அலுவலகத்துக்குப் போகும் பத்திரங்களில் மட்டும் தான்வீலின் முறை உயிரோடு இருக்கிறது. ஜி.பி.எஸ்., ரோவர் என்று அளவர்கள் கருவி மாற்றிவிட்டார்கள். ஆனால் கிரயப் பத்திரத்தில் இன்றும் செக்குபந்தி எழுதாமல் முடியாது. இன்னார் பூமிக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, இன்னார் வகையறா தோட்டத்துக்குக் கிழக்கு, ஓடைக்கு மேற்கு. கடைசியில், மாமூல் தடப் பாத்தியம் உட்பட. நாலு பக்கத்து ஆட்களின் வாக்குமூலத்தை ஒத்துப்பார்த்து ஒரு துண்டு நிலத்தை நிறுத்துகிற வேலை அது.

அந்தத் தடப் பாத்தியத்துக்குத்தான் இப்போது கிராக்கி. அவிநாசியிலிருந்து பல்லடம் வரை காடெல்லாம் சைட் ஆகிக்கொண்டிருக்கிறது. மனைப்பிரிவுக்கு ஒப்புதல் வேண்டுமென்றால் வந்துசேர வழி காட்ட வேண்டும். அகலம் இருக்க வேண்டும். இட்டேரியைப் பொழியோடு பொழியாகச் சேர்த்து உழுதுவிட்டவர்கள் இப்போது கிளுவை வேர் எங்கே இருந்தது என்று தேடுகிறார்கள். புரோக்கர் நிலத்தைப் பார்க்க வரும்போது கிணற்றுத் தண்ணீரைக் கேட்பதில்லை, மண்ணைக் கிள்ளிப் பார்ப்பதில்லை. கைபேசியில் எஃப்.எம்.பி.யைத் திறந்து, இரட்டைக் கோட்டைப் பெரிதாக்கிக்கொண்டே கேட்பது ஒன்றுதான்: “தடம் எத்தனை அடிங்க?”